பேசும்போது மூச்சுக்கு பிரேக் போடுவது யார்?

தானாக விரிந்து காற்றை இழுக்கும் வேலையை நுரையீரலால் செய்ய முடியாது. சாதாரண தரத்தில் விஞ்ஞானம் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்: நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான பிரிமென்றகடு கீழே இறங்கும், விலா எலும்புகளுக்கு இடையே உள்ள பழுவிடைத் தசைகள் அவற்றைத் தூக்கும், நெஞ்சறையின் கனவளவு கூடும். கனவளவு கூடினால் உள்ளே அமுக்கம் குறையும், வெளிக்காற்று உள்ளே பாயும். குறையும் அமுக்கம் மிகச் சிறியது, வளிமண்டல அமுக்கத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். அதற்கே அரை லீற்றர் காற்று வந்துவிடுகிறது. வெளியே விடுவதற்குப் பாடுபட வேண்டியதில்லை. இழுபட்ட நுரையீரலும் நெஞ்சுக்கூடும் தாமாகவே பழைய நிலைக்குச் சுருங்கிக்கொள்ளும்.

வாயைத் திறந்து பேசத் தொடங்கினால் இந்தக் கணக்கு மாறிவிடும். சும்மா இருக்கும்போது ஒரு மூச்சின் நேரத்தில் பத்தில் நான்கு பங்கு இழுப்பதற்கும் ஆறு பங்கு விடுவதற்கும் போகிறது. பேசும்போது இழுப்பதற்குக் கிடைப்பது ஒரு பங்குதான். வாயால் சட்டென்று ஒரு இழுவை, மிச்ச ஒன்பது பங்கும் பேச்சு. நீளமான வசனம் வரப்போகிறது என்றால் மூளை அதற்கு முன்பே கொஞ்சம் ஆழமாக இழுத்து வைத்துக்கொள்ளும்.

குரல் நாண்களை அதிர வைக்க, அவற்றுக்குக் கீழே எவ்வளவு அமுக்கம் வேண்டும்? சாதாரணப் பேச்சுக்கு 5 முதல் 10 சென்ரிமீற்றர் நீர் அமுக்கம் போதும். வீட்டிலேயே பார்க்கலாம். பப்பாசி இலைத் தண்டு ஒன்றை வெட்டி (பால் போகக் கழுவிவிட்டு) ஒரு நுனியைத் தண்ணீருக்குள் 5 சென்ரிமீற்றர் ஆழத்தில் வைத்து ஊதுங்கள். குமிழி வரத் தொடங்கும்போது உங்கள் வாய்க்குள் இருப்பது அந்த அமுக்கம்தான். பேச்சுச் சிகிச்சையிலும் இப்படி ஒரு சோதனை இருக்கிறது. 5 சென்ரிமீற்றர் ஆழத்தில் 5 செக்கன் விடாமல் குமிழி வந்தால், பேசுவதற்கு வேண்டிய மூச்சுப் பலம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள்.

அமுக்கத்தை உண்டாக்குவது பெரிய விஷயமில்லை. வசனம் முடியும்வரை அதை ஒரே அளவில் வைத்திருப்பதுதான் கடினம், ஏனென்றால் அமுக்கம் ஏறினால் குரலும் ஏறும், இறங்கினால் குரலும் இறங்கும். நெஞ்சு நிறைய மூச்செடுத்தவுடன், சுருங்கத் துடிக்கும் நுரையீரலும் நெஞ்சுக்கூடும் தரும் அமுக்கம் சுமார் 30 சென்ரிமீற்றர். தேவையோ அதில் கால்வாசி. இரணைமடுக் குளம் 36 அடிக்கு நிறைந்திருக்கும்போது துருசை (மதகை) கொஞ்சமாகத்தான் திறப்பார்கள். நீர் இறங்க இறங்கத் திறப்பைக் கூட்டினால்தான் வாய்க்காலில் அதே ஓட்டம் கிடைக்கும். துருசின் அடிமட்டத்துக்குக் கீழே போய்விட்டால் பம்ப் வைத்து இறைக்க வேண்டியதுதான்.

நெஞ்சிலும் இதேதான் நடக்கிறது. ஆனால் இங்கே துருசு குரல்வளையில் இல்லை. மூச்சை உள்ளே இழுத்த அதே வெளிப் பழுவிடைத் தசைகள், பேச்சின் தொடக்கத்தில் வேலையை விட்டுவிடாமல் விலா எலும்புகளைத் தாங்கிப் பிடித்து, நெஞ்சு படக்கென்று சுருங்காமல் பார்த்துக்கொள்கின்றன. அதாவது காற்று வெளியே போகும்போது இழுக்கும் தசைகள் பிரேக் போடுகின்றன! காற்றுக் குறைந்த பிறகு அவை ஓய, உட்பழுவிடைத் தசைகள் அமுக்கத் தொடங்கும். மூச்சு முட்டும்வரை பேசினால் வயிற்றுத் தசைகளும் பலமாக நெருக்கும். எடின்பரோவில் டிரேப்பர், லடிபோகெட், விற்றரிட்ஜ் ஆகிய மூவர் தசைகளின் மின் அசைவுகளைப் பதிவு செய்து 1959 இல் இதை வெளியிட்டார்கள். நிமிர்ந்து பேசும்போது வயிற்றுச் சுவர் தொடக்கம் முதலே ஓரளவு இறுகித்தான் இருக்கிறது என்று பின்வந்த ஆய்வுகள் திருத்தின. அந்த இறுக்கம் பிரிமென்றகட்டை மேலே தள்ளி வைப்பதால், அடுத்த மூச்சைச் சட்டென்று இழுக்க முடிகிறது.

முல்லைத்தீவுப் பக்கம் விடிய விடிய ஆடும் கோவலன் கூத்தை இந்தக் கண்ணோடு பார்த்தால் வேறு மாதிரி இருக்கும். ஆடுகிற உடம்பு காபனீரொட்சைட்டை வெளியேற்ற அடிக்கடி மூச்சுக் கேட்கும். பாட்டோ நீண்ட மூச்சுக் கேட்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று ஆகாது. கூத்தர் ஓர் அடியைப் பாடி முடிக்கப் பிற்பாட்டுக்காரர் அதைத் திருப்பிப் பாடுகிறார்களே, அந்த இடைவெளியில் அவருக்கு ஒன்றிரண்டு மூச்சு கிடைத்துவிடும். பிற்பாட்டு அதற்காகத்தான் வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அது இல்லாமல் விடியும்வரை யார் தாக்குப்பிடிப்பார்?

வயல் காவல் பரணிலிருந்து யானையைக் கலைக்கக் கத்துகிறவருக்கு நிதானம் தேவையில்லை. வயிற்றை எக்கி ஒரே தள்ளு. குரல் நாண்களுக்குக் கீழே அமுக்கம் இரட்டித்தால் ஒலி 8 அல்லது 9 டெசிபெல் கூடும். விடிய எழும்பும்போது தொண்டை கட்டியிருப்பது, நாண்கள் இரவெல்லாம் பலமாக மோதிக்கொண்டதால்.

வன்னியில் இந்த விஷயம் இன்னொரு விதத்திலும் முக்கியம். போரில் முண்ணாண் (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்பு வடம்) காயப்பட்ட பலர் இங்கே வாழ்கிறார்கள். பிரிமென்றகட்டுக்கான நரம்பு கழுத்தின் 3, 4, 5 ஆம் முண்ணாண் துண்டங்களிலிருந்து புறப்படுகிறது. காயம் அதற்குக் கீழே, ஆனால் கழுத்திலேயே இருந்தால் மூச்சை இழுக்கலாம். விலாவுக்கும் வயிற்றுக்கும் உரிய தசைகள் வேலை செய்யாததால், அதை அளந்து செலவழிப்பதும் அழுத்தித் தள்ளுவதும்தான் முடியாது. குரல் சன்னமாகும், வசனம் துண்டு துண்டாக வரும். சக்கர நாற்காலியில் இருக்கும்போது தளர்ந்த வயிறு முன்னே சரிய, பிரிமென்றகடும் தாழ்ந்து தட்டையாகிவிடும். அப்புறம் அதனால் இழுக்கவும் அதிகம் முடியாது. படுத்தால் வயிற்று உறுப்புகள் அதை மேலே தள்ளுவதால் மூச்சுக் கூடும். வயிற்றைச் சுற்றிக் கட்டும் மீள்பட்டி செய்வதும் அதே வேலைதான். எவ்வளவு இறுக்குவது, எப்போது கழற்றுவது என்பதை இயன்மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். "படுத்திருக்கும்போது என் குரல் நன்றாக வருகிறது" என்று அப்படியான ஒருவர் சொன்னால் அது மனப்பிரமை இல்லை.