வாய் கோணினால் நெற்றியைப் பாருங்கள்

தாராவியில் விடியற்காலை மூன்று மணிக்கே இட்லிக் கொப்பரை ஏறும் வீடுகள் உண்டு. பொழுது விடிவதற்குள் அவித்து இறக்கி, சைக்கிளில் கட்டி, மும்பையின் மூலை முடுக்குகளுக்கெல்லாம் அனுப்பிவிடுவார்கள். அப்படி ஒரு வீட்டிலிருந்து வந்த அம்மா, முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தார். வாய் கொப்பளித்த தண்ணீர் வலது ஓரமாக வழிந்தபோதுதான் முதலில் தெரிந்ததாம்.

"எத்தனை நாளாக இப்படி இருக்கிறது அம்மா?"

"இன்றோடு ஒன்பது நாள் டாக்டர்."

அந்த ஒன்பது நாட்களில் என்னென்னவோ நடந்திருக்கிறது. பக்கத்து வீட்டார் 'லக்வா' என்றார்கள்; இந்தியில் பக்கவாதம். திருநெல்வேலியிலிருந்து அண்ணன் தொலைபேசியில் 'வாதம் அடித்துவிட்டது' என்று சொல்லி, புறா ரத்தம் தடவச் சொன்னார். அதையும் தேடிப் பிடித்துத் தடவியிருக்கிறார்கள். ஓரிடத்தில் 'நரம்பு ஊசி' என்று வைட்டமின் ஊசி போட்டிருக்கிறார்கள். ஒன்பது இரவும் வலது கண் திறந்தபடியே அவர் தூங்கியிருக்கிறார். முகத்தைவிட அந்தக் கண்தான் எனக்குக் கவலை அளித்தது. கருவிழி காய்ந்து, புண்ணாகியிருந்தது.

நரம்பியல் மருத்துவராக இந்த நகரத்தில் நான் அடிக்கடி பார்க்கும் காட்சி இது. நோய் பெரும்பாலும் சரியாகிவிடக்கூடியது. தாமதம் செய்யும் கேட்டைத்தான் பல நேரம் மாற்ற முடிவதில்லை.

முகத்தை அசைக்கும் நரம்பு மூளைத்தண்டிலிருந்து கிளம்பி, காதுக்கு உட்புறம் எலும்புக்குள் இருக்கும் வளைந்த குழாய் வழியாக வருகிறது. சுமார் 3 சென்டிமீட்டர் நீளம். சில இடங்களில் நரம்பு நுழைவதற்குச் சரியாக இருக்கும், அவ்வளவுதான். நரம்பு வீங்கினால் எலும்பு விரிந்து கொடுக்காது, நரம்புதான் நசுங்கும். ஹெர்பிஸ் வகை வைரஸ் உடலுக்குள் உறங்கிக் கிடந்து விழித்துக்கொள்வதால் இந்த வீக்கம் வருகிறது என்பது வலுவான சந்தேகம். லோக்கல் ரயில் கதவோரம் நின்றதால் காற்றுப் பட்டு வாய் கோணியது என்று பலரும் நம்புகிறார்கள். அதற்கு உறுதியான சான்று இல்லை. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும், நிறைமாதத்தை நெருங்கும் கர்ப்பிணிகளுக்கும் இது வரும் வாய்ப்பு கூடுதல். 19ஆம் நூற்றாண்டில் முகநரம்பை ஆராய்ந்த ஸ்காட்லாந்து மருத்துவர் சார்லஸ் பெல்லின் பெயரால் 'பெல்ஸ் பால்சி' என்கிறோம்.

இந்த நரம்பு இமையை மூட வைக்கிறது, உதட்டைக் குவிக்க வைக்கிறது. அத்துடன் நாக்கின் முன் மூன்றில் இரண்டு பங்கின் சுவையையும் கொண்டுபோகிறது, கண்ணீரைச் சுரக்க வைக்கிறது, பெரிய சத்தம் வரும்போது காதுக்குள் இருக்கும் மிகச் சிறிய தசையை இறுக்கி ஓசையைத் தணிக்கிறது. "குழம்பில் உப்பு தெரியவில்லை, பாத்திரம் விழுந்தால் காதுக்குள் இடி இடிக்கிறது" என்று அந்த அம்மா தாமாகவே சொன்னார். மண்டைக்குள் எந்த இடத்தில் நரம்பு நசுங்கியிருக்கிறது என்பதை அந்த ஒரு வாக்கியமே ஏறத்தாழச் சொல்லிவிட்டது. நோயாளி பேசும்போது குறுக்கிடாமல் கேட்க வேண்டும் என்று இளம் மருத்துவர்களிடம் நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இது பக்கவாதமா, முகநரம்புக் கோளாறா? புருவத்தை உயர்த்தச் சொல்லுங்கள். நெற்றித் தசைக்கு மூளையின் இரு பக்கங்களிலிருந்தும் கட்டளை வருகிறது. அதனால் மூளையின் ஒரு பக்கம் ரத்த ஓட்டம் நின்றாலும் நெற்றி பெரும்பாலும் சுருங்கும். வாய் மட்டும் கோணும். நரம்பே நசுங்கியிருந்தால் அந்தப் பக்க நெற்றி வழவழவென்று கோடில்லாமல் நிற்கும், கண்ணும் மூடாது. ஆனால் இந்தச் சோதனையை நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள். மூளைத்தண்டில் வரும் பக்கவாதம் நெற்றியையும் சேர்த்து முடக்கக்கூடும். கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, நடையில் தள்ளாட்டம் இவற்றில் ஒன்று கூட வந்தாலும், எதுவென்று சந்தேகமாக இருந்தாலும், அந்த நிமிடமே பெரிய மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரமே அவகாசம். மும்பை நெரிசலில் அதில் எவ்வளவு சாலையிலேயே போகும் என்று உங்களுக்கே தெரியும்.

பெல்ஸ் பால்சி என்று உறுதியானால் 3 நாட்களுக்குள், அதாவது 72 மணி நேரத்துக்குள், ஸ்டீராய்டு மாத்திரை தொடங்க வேண்டும். ஸ்காட்லாந்தில் 551 பேரிடம் நடத்திய ஆய்வு 2007இல் வெளியானது. பிரெட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டு எடுத்தவர்களில் 94 சதவீதம் பேருக்கு ஒன்பது மாதத்தில் முகம் முழுமையாகத் திரும்பியது. எடுக்காதவர்களில் 82 சதவீதம். மருந்தே இல்லாமலும் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள் என்பதும் இதில் அடங்கியிருக்கிறது. புறா ரத்தத்துக்கும் நரம்பு ஊசிக்கும் நல்ல பெயர் கிடைப்பது அப்படித்தான். மீதிப் பேரில் நீங்கள் இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் மாத்திரை. கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடாதீர்கள்; ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், கவனித்துக் கொடுக்க வேண்டிய மருந்து அது. காது மடலிலோ காதுக்குள்ளோ கொப்புளமும் கடும் வலியும் இருந்தால் அது அக்கி வைரஸின் வேலை. வைரஸ் எதிர்ப்பு மருந்தும் சேர வேண்டும்.

கண்ணை முதல் நாளிலிருந்தே காப்பாற்றுங்கள். பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, இரவில் களிம்பு போட்டு இமையை மென்மையான டேப்பால் ஒட்டுதல், வெளியே போனால் கண்ணாடி. இதை எழுதிக் கொடுக்காத மருந்துச் சீட்டு அரைகுறைச் சீட்டு. கண் சிவந்தாலோ உறுத்தினாலோ அன்றே கண் மருத்துவரிடம் போங்கள்.

முகநரம்பு ஏழாவது. மூளையிலிருந்தும் மூளைத்தண்டிலிருந்தும் நேரடியாகக் கிளம்பும் நரம்புகள் 12 ஜோடி. மேலிருந்து கீழாக எண் இட்டிருக்கிறார்கள். முதலாவது மோப்ப நரம்பு. ஹெல்மெட் இல்லாமல் விழுந்து தலையில் அடிபட்டவர்களுக்கு இதன் மெல்லிய இழைகள் அறுந்துவிடக்கூடும். கேஸ் கசிவை மோப்பம் பிடிக்க முடியாதவர் தனியாகச் சமைக்கும் வீட்டில் கசிவு எச்சரிக்கைக் கருவி ஒன்று வாங்கி வையுங்கள் என்பேன். மூன்று, நான்கு, ஆறு ஆகியவை விழியைத் திருப்புபவை. திடீரென ஒரு இமை தொங்கி, கண்பாவை விரிந்து, தலைவலியும் இருந்தால், மூளை ரத்தக் குழாயில் ஏற்பட்ட புடைப்பு மூன்றாவது நரம்பை அழுத்திக்கொண்டிருக்கலாம். அது வெடித்தால் உயிர் போகும். நாளைக்குப் பார்க்கலாம் என்று படுக்கக் கூடாத அறிகுறி.

ஐந்தாவது நரம்பு முகத்தின் தொடு உணர்வையும் வலியையும் சொல்வது. மாட்டுங்காவிலிருந்து வந்த ஒரு பெரியவர் அதற்குள் மூன்று கடைவாய்ப் பற்களைப் பிடுங்கியிருந்தார். வலி நிற்கவில்லை. பல் துலக்கினால், சவரக் கத்தி பட்டால், மின்விசிறிக் காற்று முகத்தில் வீசினால், ஒரு பக்கம் மின்சாரம் பாய்ந்தது போல் சில வினாடிகள் வலி. பல்லில் கோளாறே இல்லை. பெரும்பாலும் ஒரு ரத்தக் குழாய் நரம்பின் அடியில் உரசித் துடிப்பதால் வருவது 'டிரைஜெமினல் நியூரால்ஜியா' என்னும் இந்த வலி. நடிகர் சல்மான் கான் தமக்கு இந்நோய் இருந்ததை வெளிப்படையாகச் சொன்ன பிறகுதான் இந்த ஊரில் பலர் இதன் பெயரையே கேள்விப்பட்டார்கள். கார்பமசெபின் மாத்திரைக்குப் பெரும்பாலும் கட்டுப்படும். அதைச் சாப்பிடும்போது தோலில் தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். மாத்திரை போதாதபோது அறுவை சிகிச்சை இருக்கிறது.

மும்பையில் காசநோயைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு டாக்சி ஓட்டுநருக்கு, சிகிச்சை தொடங்கிச் சில மாதங்களில், சிக்னலின் சிவப்பும் பச்சையும் மங்கிப்போயின. எத்தாம்பியூட்டால் என்ற காசநோய் மருந்து சிலருக்குப் பார்வை நரம்பைப் பாதிக்கும். சீக்கிரம் கண்டுபிடித்து நிறுத்தினால் பெரும்பாலும் பார்வை திரும்பும். நீங்களாக எல்லா மாத்திரைகளையும் நிறுத்தாதீர்கள், அதே நாளில் சிகிச்சை மையத்தில் சொல்லுங்கள். மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு இப்போது அரிதாகவே போடும் அமிகாசின் ஊசி, எட்டாவது நரம்பைப் பாதித்துக் கேட்கும் திறனைப் பறிக்கக்கூடும். காதில் இரைச்சல் கேட்டால் மறைக்காதீர்கள். கழுத்துக் கட்டியை வெட்டிச் சோதனைக்கு எடுத்த பிறகு கையைத் தோளுக்கு மேல் தூக்கித் தலை வார முடியவில்லை என்று வருபவர்களும் உண்டு. தோளைத் தூக்கும் பதினோராவது நரம்பு அந்த இடத்தில் தோலுக்குச் சற்று அடியிலேயே ஓடுகிறது. காலம் கடத்தாமல் சொன்னால் சரிசெய்ய வழி இருக்கிறது. மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியே இருந்தாலும் பரிசோதனை தேவை. இடது குரல் நாணுக்குப் போகும் பத்தாவது நரம்பின் கிளை நெஞ்சுக்குள் இறங்கி மகாதமனியைச் சுற்றி மேலேறுவதால், நெஞ்சில் உள்ள கட்டி முதலில் குரலில் தெரியலாம்.

இட்லி அம்மா எட்டு மாதம் கழித்து மீண்டும் வந்தார். முகம் ஏறத்தாழ நேராகியிருந்தது. "சாப்பிட உட்கார்ந்தாலே வலது கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது டாக்டர். அழுகிறேன் என்று நினைத்து, எனக்கு என்ன குறை என்று மருமகள் கேட்கிறாள்" என்றார். நரம்பு மறுபடி வளரும்போது எச்சில் சுரப்பிக்குப் போக வேண்டிய இழைகள் வழி மாறிக் கண்ணீர்ச் சுரப்பிக்குப் போய்விட்டன என்று படம் போட்டுக் காட்டினேன். மருமகளையும் உள்ளே அழைத்து அதே படத்தைக் காட்டச் சொன்னார். குறைக்க ஊசி இருக்கிறது என்றேன். இது போதும், வேண்டாம் என்றுவிட்டார். கருவிழித் தழும்பு அப்படியே இருக்கிறது. விளக்கைப் பார்த்தால் அந்தக் கண்ணுக்கு மட்டும் சுற்றிலும் ஒரு வட்டம் தெரிகிறதாம். அதற்காகக் கண் மருத்துவரிடம் இன்னும் போய்வருகிறார்.