இரண்டு ப்ராப் இடங்களுக்கு ஏன் ஆறேழு பேர்?

மேற்கு சிட்னியில் வசிக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி இது: "பென்ரித் பாந்தர்ஸ் எங்கள் பக்கத்து ரக்பி லீக் அணி. சீசன் தொடங்குவதற்கு முன் இங்கே எல்லாரும் பேசுவது ஃபார்வர்டுகளைப் பற்றித்தான். யார் போனார், யார் வந்தார், பெஞ்சில் ஆள் போதுமா என்று ஒரே பேச்சு. நடுவில் நின்று மோதும் ப்ராப் இடத்தில் ஆடுவது இரண்டே பேர். அதற்கு ஏன் ஆறேழு பேரைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள்?"

இதற்குப் பதில் தேடிப் போனால் தசைக்குள் இருக்கும் ஒரு நொதியில் போய் நிற்போம். கிரியாட்டின் கைனேஸ் என்பது அதன் பெயர். செல்லுக்குள் இருக்கும்போது, ஒருவர் மைதானத்தில் எத்தனை நிமிடம் தாங்குவார் என்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. செல்லை விட்டு ரத்தத்தில் கசியும்போது, அந்தக் கிளப்புக்கு எத்தனை ஆட்கள் வேண்டும் என்பதற்கும் அதுவே சாட்சி.

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. ரக்பி லீகில் ஓர் அணிக்கு 13 பேர், 80 நிமிடம். அதில் ஆறு பேர் ஃபார்வர்டுகள்: 8, 10 எண் சட்டையில் இரண்டு ப்ராப், 9-இல் ஹூக்கர், 11, 12-இல் இரண்டாம் வரிசையினர், 13-இல் லாக். பந்து வைத்திருக்கும் அணியை ஆறு முறை மடக்கி வீழ்த்தினால் பந்து கைமாறும். ஒவ்வொரு டேக்கிளுக்குப் பிறகும் தடுக்கும் அணி 10 மீட்டர் பின்வாங்கி, வரிசையாக நின்று, மறுபடி முன்னால் ஓடிவந்து மோத வேண்டும். நடுவில் நிற்கும் ப்ராப்களுக்குத்தான் மோதல் அதிகம். பெரும்பாலும் 105 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஆட்கள் அவர்கள். பெஞ்சிலிருந்து நால்வரைப் பயன்படுத்தலாம். ஆனால் ஆஸ்திரேலியாவின் என்ஆர்எல் போட்டியில் மொத்த மாற்றங்கள் எட்டுதான். 2016-க்கு முன் பத்து இருந்தது.

பாந்தர்ஸ் கதை இந்தக் கேள்விக்குக் கச்சிதமான உதாரணம். 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு கோப்பைகள். வெற்றி பெற்ற அணியின் வீரர்களுக்கு விலை ஏறும். சம்பள உச்சவரம்போ எல்லா அணிக்கும் ஒன்றுதான். அதனால் வருடா வருடம் ஆள் போய்க்கொண்டே இருந்தார்கள். 2023-க்கு முன் விலியாமே கிகாவ் புல்டாக்ஸுக்குப் போனார். அடுத்த வருடம் ஸ்பென்சர் லெனியு ரூஸ்டர்ஸுக்கு. 2024 முடிந்ததும் ஜேம்ஸ் ஃபிஷர்-ஹாரிஸ் ஒப்பந்தம் முடியும் முன்பே குடும்பத்துக்காக நியூசிலாந்து திரும்பி வாரியர்ஸில் சேர்ந்தார். முதல் மோதலையும் கடினமான ஓட்டத்தையும் எடுத்துக்கொண்ட ப்ராப் அவர். வெஸ்ட்ஸ் டைகர்ஸிலிருந்து ஐசாயா பாபாலீயை எடுத்தார்கள். மற்றபடி மோசஸ் லியோட்டா, லிண்ட்சே ஸ்மித், லியாம் ஹென்றி என்று கையில் இருந்தவர்களையே நம்பி 2025-க்குள் நுழைந்தார்கள். மே மாதத்தில் அணி பட்டியலின் அடித்தட்டில் கிடந்தது. அப்புறம் எழுந்து ஏழாம் இடம் பிடித்து, இறுதிப் போட்டிக்கு முந்தைய ஆட்டம் வரை போய் பிரிஸ்பேனிடம் 14-16 என்று தோற்றது. ஜரோம் லுவாய் போன்ற பின்கள வீரர்களும் அதே வருடம் போய்விட்டதால் எல்லாப் பழியையும் ஒரு ப்ராப் மேல் போட முடியாது. ஆனாலும் ஒரு நல்ல ப்ராப் போனால் அணிக்கு உடல்ரீதியாக என்ன குறைகிறது என்று பார்க்கலாம்.

தசை சுருங்கத் தேவையான ஆற்றல் ஏடிபி மூலக்கூறிலிருந்து வருகிறது. இது பள்ளிப் பாடம். பாடத்தில் அழுத்திச் சொல்லாத விஷயம், தசையில் இருக்கும் ஏடிபி எவ்வளவு கொஞ்சம் என்பது. முழு வேகத்தில் ஓடினால் இரண்டு மூன்று விநாடிக்குத்தான் வரும். குளுக்கோஸை உடைத்து ஏடிபி செய்யும் பாதை வேகம் பிடிக்கச் சில விநாடிகள் ஆகும். ஆக்சிஜன் பாதை அதைவிட மெதுவானது. ஆனால் ப்ராப் ஒருவர் எதிராளியின் தோளில் இடிக்கும் அந்தக் கணத்திலேயே முழு ஆற்றலும் வேண்டும். அங்கே கைகொடுப்பது பாஸ்போகிரியாட்டின். மின்சாரம் போனதும் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும் வரை வீட்டைத் தாங்கும் இன்வெர்ட்டர் போன்றது அது. ஏடிபி உடைந்து ஆற்றல் தந்த இடத்தில் மிஞ்சுவது அதன் செலவழிந்த வடிவம்; மூன்று பாஸ்பேட்டில் ஒன்றை இழந்து இரண்டு மட்டும் கொண்ட மூலக்கூறு. பாஸ்போகிரியாட்டின் தன்னிடம் உள்ள பாஸ்பேட்டை அதற்குக் கொடுத்து மறுபடி ஏடிபி ஆக்கிவிடுகிறது. இந்தக் கைமாற்றத்தை நடத்துவதுதான் கிரியாட்டின் கைனேஸ்.

இந்த நொதி செல்லுக்குள் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் என்னை ஒவ்வொரு முறையும் வியக்க வைக்கிறது. ஒரு பகுதி, சுருங்கும் இழைகளின் நடுவிலேயே, ஏடிபி செலவாகும் இடத்தை ஒட்டி இருக்கிறது. இன்னொரு பகுதி மைட்டோகாண்ட்ரியாவின் இரண்டு சவ்வுகளுக்கு இடையே, ஏடிபி உற்பத்தியாகும் வாசலில் இருக்கிறது. செலவாகும் இடத்தில் வெறுமையான கிரியாட்டின் வாசலுக்கு நகர்ந்து வந்து, புது பாஸ்பேட்டைப் பெற்றுக்கொண்டு திரும்பிப் போகிறது. ஏடிபி-யே நேரடியாகப் போய் வரலாமே என்றால், அதன் செலவழிந்த வடிவம் செல்லுக்குள் மிக மிகக் குறைந்த அளவில்தான் இருக்கும். திரும்பி வரும் போக்குவரத்துக்கு அது போதாது. கிரியாட்டினோ ஏராளமாக இருக்கிறது. சிறிய மூலக்கூறு, எளிதில் பரவும். ஒரே நொதி இரண்டு முனைகளிலும் நின்று, ஒரு முனையில் வினையை ஒரு திசையிலும் மறுமுனையில் எதிர்த்திசையிலும் நடத்துகிறது. இதனால்தான் கால்கள் சோர்ந்து விழும் நிலையிலும் தசையின் ஏடிபி அளவு முழுக்க வற்றிவிடுவதில்லை. வற்றுவது பாஸ்போகிரியாட்டின்.

இந்தச் சேர்மம் வெளிச்சத்துக்கு வந்தது 1927-இல். இங்கிலாந்தில் எகிள்டன் தம்பதியும், அமெரிக்காவின் ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க்கும் எல்லாப்பிரகட சுப்பாராவும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். சுப்பாராவ் ஆந்திரத்தின் பீமவரத்தில் 1895-இல் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் அணிந்ததற்காகப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழு எம்பிபிஎஸ் பட்டம் கிடைக்காமல் எல்எம்எஸ் சான்றிதழோடு வெளியே வந்தவர். அவர் பிறந்த அதே 1895-இல்தான் வடக்கு இங்கிலாந்தின் கிளப்கள் ஹடர்ஸ்ஃபீல்டில் கூடி, ஆட்டத்துக்காக வேலையை விட்டு வரும் தொழிலாளிகளுக்கு இழப்பீடு தர வேண்டும் என்று பிரிந்துபோனார்கள். ரக்பி லீக் பிறந்தது அப்படித்தான். பாஸ்பரஸை நுட்பமாக அளக்க ஒரு வழி வேண்டும் என்று தேடியவர்களுக்குக் கிடைத்தது பாஸ்போகிரியாட்டின். "இதனால் உடனடிப் பயன் என்ன?" என்று கேட்டுவிட்டுத்தான் பணம் தருவோம் என்ற இன்றைய போக்கு அன்று இருந்திருந்தால் அந்தச் சோதனை நடந்திருக்குமா என்பது சந்தேகம். அடிப்படை ஆய்வுக்குக் கேள்வி கேட்காமல் கொஞ்சம் பணம் ஒதுக்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்ப எழுதுவது இதனால்தான்.

சரி, வற்றிய பாஸ்போகிரியாட்டின் எப்படி நிரம்புகிறது? ஓய்வெடுத்தால் பாதி அளவு சுமார் அரை நிமிடத்துக்குள் திரும்பிவிடும். முழுவதும் நிரம்ப மூன்று நான்கு நிமிடம் ஆகும். 1970-களில் ஸ்வீடனில் ஓர் அழகான சோதனை செய்தார்கள். தொடைத் தசையைக் களைக்க வைத்துவிட்டு, காலுக்கு ரத்தம் போகாமல் பட்டையால் இறுக்கிக் கட்டி, ஊசியால் தசைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். ரத்த ஓட்டம் நின்ற காலில் பாஸ்போகிரியாட்டின் மீளவே இல்லை. அதாவது அது விநாடிகளில் செலவாக ஆக்சிஜன் தேவையில்லை. நிரம்புவதற்கோ ஆக்சிஜன் கட்டாயம்.

இப்போது மைதானத்துக்கு வாருங்கள். ப்ராப் ஓடிவந்து மோதுகிறார். எதிராளியைத் தரையில் அழுத்திச் சில விநாடிகள் மல்லுக்கட்டுகிறார். பலம் கொண்டு அசையாமல் பிடிக்கும் தசை தன் இறுக்கத்தாலேயே தனக்குள் ஓடும் ரத்தக் குழாய்களை நசுக்குகிறது. ஸ்வீடன் சோதனையின் பட்டையை அவர் தனக்குத் தானே கட்டிக்கொள்கிறார் என்றே சொல்லலாம். பிறகு எழுந்து 10 மீட்டர் பின்னால், மறுபடி முன்னால். இரண்டு மோதல்களுக்கு நடுவே பல சமயம் அரை நிமிடம்கூடக் கிடைப்பதில்லை. முதல் டேக்கிளில் நிறைந்திருந்த இருப்பு ஆறாவது டேக்கிளில் நன்றாகக் கீழே இறங்கியிருக்கும். உடைந்த பாஸ்பேட் தசைக்குள் சேர்ந்து, இழைகள் பற்றி இழுக்கும் விசையையே குறைக்கிறது.

2020-இல் கொரோனா இடைவெளிக்குப் பிறகு என்ஆர்எல் ஒரு விதியை மாற்றியது. டேக்கிளில் வீழ்ந்தவரை எழவிடாமல் தாமதப்படுத்தினால் அதற்கு முன்பெல்லாம் பெனால்டி. பந்தை வெளியே உதைத்து, எல்லாரும் நடந்து போய், மீண்டும் தொடங்குவதற்குள் மூச்சு வாங்க நேரம் கிடைக்கும். புதிய விதியில் நடுவர் கையை அசைப்பார், ஆறு டேக்கிள் புதிதாகத் தொடங்கும், ஆட்டம் நிற்காது. விதியை எழுதியவர்கள் வேகத்தை மனதில் வைத்து எழுதினார்கள். உடலியல் கண்ணோடு பார்த்தால், பாஸ்போகிரியாட்டின் நிரம்பும் அரை நிமிடத்தை அவர்கள் பிடுங்கிக்கொண்டார்கள். அதன் சுமை முழுவதும் நடுவில் நிற்கும் கனமான ஆட்கள் மேல் விழுந்தது. எடை கூடக் கூட மோதலின் உந்தம் கூடும்; ஆனால் ஒரு கிலோ உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறையும். உடல் வெப்பம் வெளியேறுவதும் சிரமம். நன்றாக இடிப்பவர் மெதுவாகத்தான் மீள்வார்.

எட்டு மாற்றங்களின் கணக்கு இங்கேதான் கடிக்கிறது. இரண்டு ப்ராப்களும் 25-ஆவது நிமிடம் வாக்கில் வெளியே வந்து, இரண்டாம் பாதியில் திரும்பினால் நான்கு மாற்றம் போய்விட்டது. ஹூக்கருக்கு ஒன்று, மற்ற ஃபார்வர்டுகளுக்கு இரண்டு. மீதி ஒன்றை வைத்துக்கொண்டு யாருக்கும் அடிபடக் கூடாது என்று பயிற்சியாளர் வேண்டிக்கொள்வார். பிரிஸ்பேனின் பெய்ன் ஹாஸ் போல அவ்வளவு பெரிய உடம்போடு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடுபவருக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பது புரியும். அவர் மிச்சப்படுத்தும் மாற்றங்கள் மற்ற ஐந்து ஃபார்வர்டுகளுக்கு ஓய்வாகப் போய்ச் சேருகின்றன.

இது 80 நிமிடக் கதை. சீசன் முழுவதற்கும் ஆள் சேர்ப்பதற்குக் காரணம் அதே நொதியின் இன்னொரு முகம். மோதலில் தசைச் செல்லின் சவ்வு கிழியும்போது உள்ளே இருந்த கிரியாட்டின் கைனேஸ் வெளியே கசிகிறது. பெரிய மூலக்கூறு என்பதால் ரத்தத்துக்குள் நேராக நுழைய முடியாமல், நிணநீர் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து, ஏறக்குறைய ஒரு நாள் கழித்துத்தான் ரத்தத்தில் உச்சம் தொடும். நம் ஊர் ஆய்வுக்கூட ரசீதில் சிபிகே என்று இருக்கும் சோதனை இதுதான். ஒரு காலத்தில் மாரடைப்பைக் கண்டுபிடிக்க இதைத்தான் பார்த்தார்கள். இன்று ட்ரோபோனின் அந்த இடத்தைப் பிடித்துவிட்டது. ரக்பி லீக் ஆட்டம் முடிந்து ஐந்து நாளான பிறகும் வீரர்களின் ரத்தத்தில் இந்த அளவு இயல்பு நிலைக்குத் திரும்பாமல் இருப்பதை ஆஸ்திரேலிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. என்ஆர்எல் அட்டவணையில் சில சமயம் அடுத்த ஆட்டமே ஐந்தாம் நாளில் வந்துவிடும். ஆறாத தசையோடு அடுத்த மோதல்.

இங்கே ஒரு மூடநம்பிக்கையையும் சொல்லிவிடுகிறேன். மறுநாள் உடம்பு வலிப்பதற்கு லாக்டிக் அமிலம் தங்கிவிட்டதே காரணம் என்று ஜிம்களில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். லாக்டேட் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் ரத்தத்தை விட்டுப் போய்விடும். மறுநாள் வலி, சிதைந்த இழைகளும் அதைத் தொடரும் அழற்சியும் தருவது. கிரியாட்டின் பொடியை ஸ்டீராய்டு என்று பயப்படுவதும் அதே ரகம். நம் கல்லீரலும் சிறுநீரகமும் தினமும் அதைத் தயாரிக்கின்றன, இறைச்சியிலும் மீனிலும் இருக்கிறது, போட்டிகளில் தடை செய்யப்பட்டதும் அல்ல. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

ஒரு சீசனில் ஒவ்வோர் அணிக்கும் 24 ஆட்டங்கள், அப்புறம் இறுதிச் சுற்றுகள். நடுவில் மாநில அணிகள் மோதும் ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் மூன்று ஆட்டங்கள் நல்ல ஃபார்வர்டுகளை இழுத்துக்கொள்ளும். தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி என்று உறுதியானால் 2023 முதல் பொதுவாக 11 நாள் ஆடக் கூடாது. இது மிகச் சரியான விதி. இன்னும் முன்பே வந்திருக்க வேண்டும். இதையெல்லாம் கூட்டினால், முதல் ஆட்டத்தில் இறங்கும் ப்ராப்களே ஆகஸ்டிலும் இறங்குவார்கள் என்று எந்தப் பயிற்சியாளரும் எதிர்பார்க்க மாட்டார். முப்பது பேர் கொண்ட முதன்மைக் குழுவில் நடுக்கள ஆட்கள் பலர் இருப்பது ஆடம்பரம் இல்லை.

ஆள் எடுப்பதிலும் நேரம் முக்கியம். ஒப்பந்தத்தின் கடைசி வருடத்துக்குள் நுழையும் வீரர்கள் நவம்பர் 1 முதல் மற்ற கிளப்களோடு பேசலாம். சீசனுக்கு முந்தைய பயிற்சி தொடங்குவதும் நவம்பர் வாக்கில்தான். அந்த மூன்று மாத வெயில் ஓட்டத்தில் தசையில் மைட்டோகாண்ட்ரியாவும் நுண்குழாய்களும் பெருகி, பாஸ்போகிரியாட்டின் நிரம்பும் வேகம் கூடுகிறது. அதோடு இன்னொன்றும் நடக்கிறது. ஒருமுறை சிதைந்து ஆறிய தசை, அதே வேலையை மறுபடி செய்யும்போது முன்பைவிடக் குறைவாகவே சிதைகிறது. அதனால்தான் மோதல் பயிற்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறார்கள். இந்த மாதங்களைத் தவறவிட்டு நடுவில் சேரும் ப்ராப், எவ்வளவு பெயர் பெற்றவராக இருந்தாலும், முதல் சில வாரம் இருபது நிமிடம் தாண்டினால் திணறுவார்.

எனவே வாசகருக்கு என் யோசனை: அடுத்த சீசனில் அணிப் பட்டியல் வந்ததும் 8-ஐயும் 10-ஐயும் விட்டுவிட்டு 14-இலிருந்து தொடங்கும் பெஞ்சைப் பாருங்கள். அதில் நடுவில் ஆடக்கூடியவர்கள் எத்தனை பேர், அவர்களில் யார் நவம்பரிலிருந்து அணியோடு இருக்கிறார்கள் என்று பாருங்கள். அப்புறம் ஐந்தே நாள் இடைவெளியில் வரும் ஆட்டத்தின் 55-ஆவது நிமிடத்தில், டேக்கிள் முடிந்து எழும் ப்ராப் 10 மீட்டர் பின்வாங்குவதற்குள் எதிரணி பந்தை எடுத்து ஓடிவிடுகிறதா என்று கவனியுங்கள்.