தேக்கா கறிக்கடையில் தொங்கும் மூன்று இனங்கள்

சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் ஆட்டுத்தொடை வாங்கப் போனால் கடைக்காரர் "குழம்புக்கா, சூப்புக்கா?" என்று கேட்பார். எந்த இனத்து ஆடு என்று அவரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. சிங்கப்பூருக்கு வரும் ஆட்டிறைச்சியில் பெரும்பங்கு ஆஸ்திரேலியாவுடையது. அங்கே கறிக்காக வளர்க்கும் செம்மறிக் குட்டிகளில் ஏராளமானவற்றுக்கு மூன்று இனங்களின் ரத்தம் உண்டு.

மெரினோ பெட்டையில்தான் தொடங்குவார்கள். கம்பளிக்குப் பேர்போன இனம், வறட்சி தாங்கும். ஆனால் பாலும் இரட்டைக் குட்டியும் கொஞ்சம் குறைவு. அதை பார்டர் லெஸ்டர் கிடாவோடு சேர்க்கிறார்கள். பிறக்கும் கலப்புப் பெட்டை நல்ல பால்காரி, இரட்டைக் குட்டியும் ஈனும். அப்புறம் அந்தப் பெட்டையை 'போல் டார்செட்' என்ற கறி இனத்துக் கிடாவோடு விடுகிறார்கள். அதற்குப் பிறக்கும் குட்டி சீக்கிரம் சதை போடும். அடுத்த முறை ஒரு முழுத் தொடையைப் பார்த்தால் கவனியுங்கள்: எலும்பை ஒட்டி மெலிந்து இறங்காமல், மேல்பாகம் உருண்டு திரண்டிருந்தால், அது பெரும்பாலும் அந்தக் கறி இனத் தகப்பன் கொடுத்த வடிவம். இந்தக் குட்டிகள் கிடா, பெட்டை பேதமில்லாமல் கறிக்கே போய்விடும். இனவிருத்திக்கு ஒன்றையும் வைத்துக்கொள்வதில்லை.

ஏன் வைத்துக்கொள்வதில்லை? இதன் காரணம் மரபணுவில் இருக்கிறது. ஒவ்வொரு மரபணுவும் ஆட்டின் உடலில் இரண்டு பிரதிகளாக இருக்கிறது. ஒன்று தாயிடமிருந்து, மற்றொன்று தகப்பனிடமிருந்து. ஓர் இனத்துக்குள்ளேயே பல தலைமுறை சேர்ந்துகொண்டிருந்தால், பழுதான பிரதி இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து ஒரே குட்டியிடம் சேரும் வாய்ப்பு கூடுகிறது. வேறு இனக் கிடா வந்தால், ஒரு பக்கத்துப் பழுதை மறுபக்கத்துப் பிரதி மூடிவிடும். கலப்பு வீரியம் என்பது பெரும்பாலும் இதுதான். சினை பிடிப்பதிலும், பிறந்த குட்டி பிழைப்பதிலும் இதன் பலன் நன்றாகத் தெரியும். கம்பளித் தரத்திலும் கறியின் தன்மையிலும் குறைவாகவே தெரியும்.

முதல் கலப்பில் பிறந்த கிடாவையும் பெட்டையையும் தங்களுக்குள் சேர்த்தால் அந்த வீரியத்தில் பாதி போய்விடும். முதல் தலைமுறைக் குட்டி ஒவ்வொன்றிடமும் இரண்டு இனத்துப் பிரதிகளும் ஒவ்வொன்று இருக்கும். அடுத்த தலைமுறையில், எந்த மரபணுவை எடுத்துக்கொண்டாலும், சராசரியாகப் பாதிக் குட்டிகளிடம் இரண்டு பிரதிகளும் ஒரே இனத்துடையதாக அமைந்துவிடும். ஆகவே ஒவ்வொரு சுற்றுக்கும் தூய மெரினோ, தூய பார்டர் லெஸ்டர், தூய போல் டார்செட் மீண்டும் தேவைப்படுகின்றன. தூய மந்தை தீர்ந்துபோன நாளில் கலப்பும் நின்றுபோகும்.

கென்யாவில் இந்த ஆபத்து நேரிலேயே வந்தது. அங்கே மாசாய் மக்களின் சிவப்பு மாசாய் ஆடு, வயிற்றில் ரத்தம் உறிஞ்சும் புழுக்களைத் தாங்கி நிற்கும். 1970களின் நடுவிலிருந்து உருவத்தில் பெரிய டார்பர் என்ற வேறோர் இனத்துக் கிடாக்களை விவசாயிகளிடம் பரப்பினார்கள். குட்டிகள் பெரிதாகப் பிறந்ததும் எல்லோரும் தங்கள் பெட்டைகள் அனைத்தையும் டார்பரோடு விட்டார்கள். புழுத் தொல்லையும் வறட்சியும் மிகுந்த இடங்களில் டார்பர் தாக்குப்பிடிக்கவில்லை. சரி, பழைய ஆட்டுக்கே திரும்பலாம் என்றால், தூய சிவப்பு மாசாய் கிடைப்பது அரிதாகிவிட்டிருந்தது.

யாரும் பெரிதாக மதிக்காத ஆட்டிடம் என்ன இருக்கும் என்பதற்கு வங்காளத்து கரோல் ஆடு நல்ல சாட்சி. சுந்தரவனச் சதுப்பில் முழங்கால் தண்ணீரில் நின்று மேயும் சின்னஞ்சிறு ஆடு அது. ஆனால் ஓர் ஈற்றுக்கு இரண்டு, மூன்று குட்டி போடும். 1790களின் தொடக்கத்தில் கல்கத்தாவிலிருந்து கப்பலேறிச் சில வங்காள ஆடுகள் ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தன. நெடுங்காலம் கழித்து, நியூ சவுத் வேல்ஸில் பூரூலா என்ற பண்ணையின் மெரினோ மந்தை வழக்கத்துக்கு மாறாக நிறையக் குட்டி போடுவதை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். 2001இல் காரணம் பிடிபட்டது: சினைப்பையின் வேலையைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணுவின் குறியீட்டில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அந்த மாற்றத்தால் கருமுட்டைகள் முதிரத் தடையாக இருக்கும் பிடி தளர்கிறது. ஒரே பருவத்தில் பல முட்டைகள் வெளிவருகின்றன. கரோலிடம் பார்த்தால் அதே எழுத்து மாற்றம்! வங்காளத்து ஆடுகள் வழியாகத்தான் அது ஆஸ்திரேலிய மெரினோவுக்குப் போயிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

மகாராஷ்டிராவின் பல்டணில் உள்ள நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் எழுத்து மாறிய இந்த ஒரே மரபணுவை உள்ளூர் தக்காணி ஆட்டுக்குள் கொண்டுவந்தது. வழி நேரானது, ஆனால் பொறுமை வேண்டும். கரோலையும் தக்காணியையும் சேர்த்தால் பாதி கரோல் ரத்தம். அந்தக் குட்டியை மறுபடி தக்காணியோடு சேர்த்தால் கால். இன்னொரு முறை சேர்த்தால் அரைக்கால். ஒவ்வொரு தலைமுறையிலும் ரத்தம் எடுத்துச் சோதித்து, அந்த மரபணு உள்ள குட்டியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். கடைசியில் உருவத்தில் தக்காணி, ஆனால் இரட்டைக் குட்டி ஈனும் ஆடு. நாரி சுவர்ணா என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். இதில் பேராசைப்படக் கூடாது. எழுத்து மாறிய பிரதி ஒன்று போதும்; இரண்டு பிரதிகளும் அப்படியே அமைந்தால் சில சமயம் மூன்று, நான்கு குட்டிகள் கருவில் நெருக்கியடித்து, மெலிந்து பிறந்து, பிழைப்பது கடினமாகிவிடும்.

நம் ஊர்ப் பக்கமும் இப்படிப்பட்ட செல்வங்கள் உண்டு. தோலுக்குப் பேர்போன சேலத்து மேச்சேரி, கரிசல் காட்டு வேம்பூர், மதுரைப் பக்கத்துக் கச்சைகட்டி கருப்பு. நீலகிரி ஆடே ஒரு பழைய கலப்புதான். 19ஆம் நூற்றாண்டில் டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் ஆகியவற்றை உள்ளூர் ஆட்டோடு சேர்த்து உருவானது. இன்று அருகிவிட்ட அந்த இனத்தை ஊட்டி அருகே சாண்டிநல்லாவில் அரசு ஆராய்ச்சி நிலையம் காத்துவருகிறது.

சிங்கப்பூரில் சம்பாதித்து ஊரில் ஆட்டுப்பண்ணை போட நினைக்கும் நண்பர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: எந்த வெளிநாட்டுக் கிடாவை வாங்கலாம்? வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் எல்லாப் பெட்டைகளையும் அதோடு விட்டுவிடாதீர்கள். ஒரு பகுதியை அதே நாட்டு இனக் கிடாவோடு சேர்த்து, வயதான பெட்டைகளுக்கு ஈடான தூய பெட்டைகளை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். மிச்சத்தைக் கலப்புக்கு விடுங்கள்.

அந்தத் தூய பகுதியில் எத்தனை பெட்டை என்பதைவிட எத்தனை பொலிகிடா என்பதே முக்கியம். 100 பெட்டைக்கு 2 கிடா என்றால், எல்லாக் குட்டிகளுக்கும் அந்த இரண்டில் ஒன்றுதான் தகப்பன்; அதனால் மரபியல் கணக்கில் அந்த மந்தை சுமார் 8 ஆடுகளுக்குத்தான் சமம். தலைமுறைக்கு 6 சதவீதம் வீதம் நெருங்கிய ரத்தக் கலப்பு, அதாவது உறவுக்குள்ளேயே சேர்வது, ஏறும். அதே 100 பெட்டைக்கு 10 கிடா வைத்தால் மந்தை 36 ஆடுகளுக்குச் சமமாகி, ஏற்றம் ஒன்றரை சதவீதத்துக்குள் அடங்கும்.

தனி ஆளாக 10 கிடா வைத்துத் தீனி போட முடியாதுதான். அண்ணன் தம்பி, மச்சான் என்று மூன்று பேர் ஒரே இனத்தை வளர்த்தால் வழி இருக்கிறது. முதல் மந்தையில் பிறந்த கிடாக்கள் இரண்டாவதற்கு, இரண்டாவதில் பிறந்தவை மூன்றாவதற்கு, மூன்றாவதில் பிறந்தவை முதலாவதற்கு. பெட்டைகள் பிறந்த மந்தையிலேயே இருக்கும். ஒரு கிடாவை ஓராண்டுக்கு மேல் ஒரே மந்தையில் விட்டால் தன் மகள்களோடேயே சேர்ந்துவிடும். அதனால் அவை பருவத்துக்கு வருமுன் கிடாவை மாற்றிவிட வேண்டும்.