இன்ஹேலர் அடிச்சா கை ஏன் நடுங்குது?

நீல கலர் இன்ஹேலர் ரெண்டு பஃப் அடிச்சா அஞ்சு நிமிஷத்துல இழுப்பு அடங்கிடும், ஆனா கூடவே விரல் லேசா நடுங்கும், நெஞ்சு படபடன்னு அடிக்கும், சில பேருக்கு தலைவலி வரும், சில பேருக்கு கெண்டைக்கால் பிடிச்சுக்கும். இதுக்கு பயந்தே இன்ஹேலர் வேணாம், மாத்திரையே போதும்னு சொல்றவங்க நம்ம ஊர்ல நிறைய பேர் இருக்காங்க. அந்த நடுக்கம் எங்கேந்து வருதுன்னு தெரிஞ்சுக்கிட்டாலே பாதி பயம் போயிடும்.

அதுல இருக்குற மருந்து சால்ப்யூட்டமால். மூச்சுக்குழாயைச் சுத்தி மெல்லிசா தசை இருக்கு, ஆஸ்துமா வந்தா அது இறுகிக்கும். அந்த தசையில பீட்டா-2ன்னு ஒரு ரிசெப்டார் உண்டு, மருந்து அதுல போய் ஒட்டுனதும் தசை தளர்ந்து காத்து உள்ள போகும். ஆனா இதே பீட்டா-2 கை கால் தசையில இருக்கு, ரத்தக்குழாய்ல இருக்கு, இதயத்துலயும் கொஞ்சம் இருக்கு. ரத்தத்துல கலந்த மருந்து அங்கெல்லாமும் போய் ஒட்டும். ரத்தக்குழாய் விரியுறதால பிரஷர் இறங்கிடாம பாத்துக்க இதயம் வேகமா அடிக்குது, அதான் படபடப்பு. கை தசை ஒவ்வொரு தடவை சுருங்குனதும் வழக்கத்தை விட சீக்கிரம் தளர்ந்துடுது, அடுத்த சுருக்கத்தோட சேராம விட்டு விட்டு இழுக்குது, அதான் நடுக்கம். பெரும்பாலும் கொஞ்ச நேரத்துல தானா அடங்கிடும், நரம்புத் தளர்ச்சி எல்லாம் கிடையாது.

இன்னொரு விஷயம், இந்த மருந்து ரத்தத்துல இருக்குற பொட்டாசியத்தை செல்லுக்குள்ள தள்ளிடும். ரெண்டு பஃப்ல இது கண்டுக்கிற அளவுக்கு இருக்காது, மருந்தை புகை மாதிரி ஆக்கி மாஸ்க்குல குடுக்குற நெபுலைசர் மெஷினை திரும்பத் திரும்ப வைக்கும்போது டாக்டருங்க பொட்டாசியத்தை செக் பண்ணுவாங்க. இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம், கிட்னி பேஷன்ட்டுக்கு பொட்டாசியம் ஆபத்தா ஏறிடுச்சுன்னா இதே சால்ப்யூட்டமாலை நெபுலைசர்ல வச்சும் அவசரத்துக்கு இறக்குவாங்க. ஒருத்தருக்கு பக்கவிளைவு, இன்னொருத்தருக்கு அதுவே வைத்தியம்.

இப்போ மாத்திரை கணக்கைப் பாருங்க. ஒரு பஃப்ல 100 மைக்ரோகிராம், ஒரு மாத்திரையில 4 மில்லிகிராம், அதாவது 40 பஃப் மருந்தை ஒரே வாயில முழுங்குறீங்க, அதுவும் உடம்பு பூரா சுத்திட்டுத்தான் நுரையீரலுக்கு வரும். நடுக்கத்துக்கு பயந்து மாத்திரைக்குப் போனா நடுக்கம் கூடத்தான் செய்யும்.

அடுத்து ஸ்டீராய்டு இன்ஹேலர், புடெசொனைடு, ஃப்ளூட்டிகசோன் மாதிரி. "ஸ்டீராய்டா, ஐயையோ"ன்னு நிறுத்திடுறாங்க, மனசு கஷ்டமா இருக்கு, ஏன்னா மூச்சுக்குழாய் உள்ள இருக்குற வீக்கத்தை குறைக்கிறதே அதுதான், நீலம் அந்த நேரத்துக்கு இறுக்கத்தை மட்டும் தளர்த்தும். இதோட பக்கவிளைவு முக்கால்வாசி வாய்லயும் தொண்டையிலயும்தான். ஸ்பேசர், அதாவது இன்ஹேலர் முன்னாடி மாட்டுற குழாய் மாதிரி டப்பா, இல்லாம நேரா வாய்ல அடிச்சா மருந்துல பெரும்பங்கு நுரையீரலுக்குப் போகாம தொண்டையிலயே படிஞ்சிடும். அங்க எதிர்ப்பு சக்தி கொஞ்சம் குறைஞ்சதும் கேண்டிடான்னு ஒரு பூஞ்சை வளந்து நாக்குல வெள்ளை வெள்ளையா படியும், குரல் கரகரன்னு ஆகும், டீச்சருங்களுக்கும் பாடுறவங்களுக்கும் இது பெரிய தொல்லை. ஸ்பேசர் வச்சு அடிச்சு, முடிச்சதும் வாய் கொப்பளிச்சு துப்பிட்டா, முழுங்கிடாம துப்பணும், பூஞ்சைத் தொல்லை நல்லா குறைஞ்சிடும். குரல் கம்முறது மட்டும் சில பேருக்கு அப்பவும் இருக்கும், அவங்க டாக்டர்கிட்ட கேட்டு டோஸையோ மருந்தையோ மாத்திக்கலாம். தப்பித்தவறி முழுங்குனாலும் புடெசொனைடுல சுமார் 90 சதவீதத்தை கல்லீரல் முதல் சுத்துலயே செயலிழக்க வச்சிடுது.

உடம்பு பூரா பாதிப்பே வராதான்னா வரும், பெரிய டோஸ் வருஷக்கணக்கா எடுத்தா கண்புரை, எலும்பு தேய்றது, தோல் லேசா தட்டுனாலே கன்னிப்போறது, அட்ரினல் சுரப்பி மந்தமாகுறது எல்லாம் உண்டு, அதனாலதான் ஆஸ்துமா கட்டுக்குள்ள வந்ததும் டாக்டர் டோஸை குறைப்பாரு, நாமளா சட்டுனு நிறுத்தக்கூடாது. குழந்தைங்க உயரம் பத்தி அமெரிக்காவுல பெரிய ஆய்வு நடந்துச்சு, சின்ன வயசுல சில வருஷம் புடெசொனைடு எடுத்தவங்க பெரியவங்களானப்போ சராசரியா 1.2 சென்டிமீட்டர் உயரம் கம்மி. பெத்தவங்களுக்கு அது உறுத்தும்தான், ஆனா ராத்திரி பூரா மூச்சு வாங்கி தூங்காத குழந்தைக்கும் வளர்ச்சி அடிபடும்.

நான் நிஜமா பயப்படுறது வேற ஒண்ணுக்கு, நீலத்தை மட்டுமே நம்பி ஓட்டுறவங்களுக்காக. அடிக்கடி அடிக்க அடிக்க ரிசெப்டார் மரத்துப்போகும், வீக்கம் பாட்டுக்கு உள்ள வளரும், மேல மட்டும் சரியான மாதிரி இருக்கும். நியூசிலாந்துல 1976ல ஃபெனோடெரால்னு இதே வகையில வீரியமான இன்ஹேலர் வந்தப்புறம் ஆஸ்துமா சாவு மளமளன்னு ஏறுச்சு, 1989ல எச்சரிக்கை குடுத்து கட்டுப்படுத்துனதும் இறங்குச்சு. ஜினாங்கிற உலக ஆஸ்துமா அமைப்பும் 2019லேந்து பெரியவங்களுக்கு நீலத்தை மட்டும் தனியா குடுக்காதீங்கன்னு சொல்லிடுச்சு, கூட ஸ்டீராய்டும் இருக்கணும். ஒரு டப்பாவுல 200 பஃப், வருஷத்துக்கு மூணு டப்பா காலியானாலே அட்டாக் வர்ற ஆபத்து கூடுது, மாசம் ஒண்ணு காலியாச்சுன்னா உயிருக்கே ஆபத்து. மெடிக்கல்ல அடுத்த டப்பா வாங்குறதுக்கு முன்னாடி டாக்டரைப் பாருங்க.