பழைய பட்டியல் புதிய பைத்தானில் ஏன் ஏறுவதில்லை?

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் பெட்டி ஸ்டிக்கர் அடிக்கும் புரோகிராம் உபுண்டு 20.04 இயங்குதளத்தில், பைத்தான் மொழியின் 3.8 பதிப்பில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். புதிய கணினியில் உபுண்டு 24.04 போட்டால் பைத்தான் 3.12 வரும். பிப் என்பது பைத்தானுக்கான பேக்கேஜ்களை, அதாவது பிறர் எழுதிய துணை நிரல்களை, நிறுவும் கருவி. பழையதில் ‘பிப் ஃபிரீஸ்’ கட்டளையால் எடுத்த, பேக்கேஜ்களும் பதிப்பு எண்களும் அடங்கிய பட்டியலை அப்படியே இங்கே பிப்பிடம் கொடுத்தால், ‘டிஸ்ட்யூட்டில்ஸ் இல்லை’ என்று நின்றுவிடும்.

பட்டியலில் இருக்கும் நம்பை (எண் கணக்குகளுக்கான பேக்கேஜ்) 1.24.4-தான் காரணம். அதற்கு 3.12-இல் ஓடும் வீல், அதாவது கம்பைல் செய்து தயாராக வைத்த கோப்பு, கிடையாது. வீல் கிடைக்காவிட்டால் பிப் மூலநிரலை இறக்கி, செட்டப்.பை-யை ஓட்டிக் கட்டப் பார்க்கும். அப்படிக் கட்டத் தேவையான பழைய செட்டப்டூல்ஸ் என்ற கருவி, பைத்தானுக்குள்ளேயே இருந்த டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற பகுதியை நம்பியது. 2023 அக்டோபரில் வந்த 3.12 அதை எடுத்துவிட்டது.

செட்டப்.பை ஒரு புரோகிராம். இந்த பேக்கேஜுக்கு வேறு என்னென்ன வேண்டும் என்று அறிய அதை ஓட்டித்தான் ஆக வேண்டும். வீலிலோ மெட்டாடேட்டா என்ற சாதாரண எழுத்துக் கோப்பு இருக்கிறது. பாண்டாஸ் (அட்டவணைத் தரவுக்கான பேக்கேஜ்) 2.2.2-இன் கோப்பைத் திறந்தால், பைத்தான் 3.12-க்கு நம்பை 1.26.0 அல்லது அதற்கு மேல் வேண்டும் என்று ஒரே வரியில் எழுதியிருக்கும்.

2020 நவம்பரின் பிப் 20.3-க்கு முன்பு, ஒரே பேக்கேஜுக்கு இரண்டு நிபந்தனை வந்தால் முதலில் கண்டதே செல்லும். இப்போது முரண்பாடு வந்தால் பிப் பின்வாங்கி வேறு பதிப்பைப் பார்க்கிறது. பவானி ஜமக்காளத்தில் கலர் தப்பினால், தப்பிய இடம்வரை ஊடையைப் பிரித்து மறுபடி நெய்வதைப் போல. நடுவே செட்டப்.பை பேக்கேஜ் வந்தால் ஒவ்வொரு பதிப்பையும் இறக்கி ஓட்ட வேண்டும். நேரம் போவது அங்கேதான்.

எழுதியிருப்பதை மட்டுமே பிப் நம்பும். நம்பை 2.0-உடன் ஓடும் முதல் பாண்டாஸ் பதிப்பு 2.2.2. எந்த நம்பை பதிப்பு வரை என்று மேல்வரம்பு எழுதாத பழைய பேக்கேஜ், நம்பை 2-ஐச் சத்தமில்லாமல் ஏற்றிக்கொள்ளும். ஓட்டும்போதுதான் அளவு பொருந்தவில்லை, ‘96 எதிர்பார்த்தது, 88 கிடைத்தது’ என்று விழும்.

ஆகவே ஃபிரீஸ் பட்டியலைப் பத்திரப்படுத்துங்கள், நிறுவாதீர்கள். பழைய கணினியில் ‘பிப் லிஸ்ட்’ கட்டளையுடன் ‘நாட்-ரிக்வயர்டு’ சேர்த்தால், வேறெதற்கும் துணையாக வராத பேக்கேஜ்கள் மட்டும் தெரியும். அவற்றில் புரோகிராம் இம்போர்ட் செய்பவற்றை, பதிப்பு எண் இல்லாமல் எடுங்கள். 24.04-இன் சிஸ்டம் பைத்தானில் பிப் நேரடியாக நிறுவ விடாது. உபுண்டுவின் நிறுவும் கருவியான ஆப்ட் மூலம், தனிச் சூழல் அமைக்கும் வென்வ் போட்டு, அந்தச் சூழலில் ‘ஒன்லி-பைனரி ஆல்’ (வீல் மட்டும் போதும் என்பது) கொடுத்து நிறுவுங்கள். வீல் இல்லாத பேக்கேஜ் உடனே மாட்டிக்கொள்ளும். பிறகு, பேக்கேஜ்களின் நிபந்தனைகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க ‘பிப் செக்’. உண்மையான ஒரு ஸ்டிக்கர் அடித்துப் பார்த்தபின் புது ஃபிரீஸ்.