எந்தச் சிதம்பரம்?

எங்காவது ஒரு வங்கி தள்ளாடுகிறது என்று செய்தி வந்தால் போதும், மறுநாள் காலை என் அலுவலகத்தில் சிதம்பரங்களுக்கும் மெய்யப்பன்களுக்கும் உட்கார இடம் இருக்காது. காரைக்குடியில் ஆடிட்டர் தொழில் பார்ப்பவனுக்குப் பங்குச்சந்தைச் சரிவு ஒரு பொருட்டே இல்லை. தொலைபேசியில் "சிதம்பரம் பேசுகிறேன்" என்று ஒரு குரல் கேட்கும்போதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

இங்கே பொருளாதாரச் செய்தியே பெயர்க் குழப்பத்தோடுதான் வீட்டுக்குள் நுழைகிறது. 2013இல் ரூபாய் மதிப்பு சரிந்துகொண்டிருந்த சமயம். மக்கள் தங்கம் வாங்குவதைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டார் நிதியமைச்சர் ப. சிதம்பரம், பக்கத்துக் கண்டனூர்க்காரர். ஒரு வீட்டின் முகப்பில் யாரோ இதை உரக்கப் படிக்க, உள்ளேயிருந்த ஆச்சிக்கு வந்ததே கோபம்! "அவன் கல்யாணத்துக்குத்தானே சேர்க்கிறேன், வேண்டாம் என்று சொல்ல அவன் யார்?" பெங்களூரில் இருந்த பேரன் சிதம்பரத்தைத் தொலைபேசியில் பிடித்துத் திட்டித் தீர்த்துவிட்டார்.

அது சிரித்துவிட்டுப் போகிற கதை. இந்த வாரம் வந்தது அப்படியில்லை.

நகரத்தார் வீடுகளில் மூத்த பேரனுக்கு ஐயாவின், அதாவது அப்பாவைப் பெற்ற தாத்தாவின், பெயரை வைப்பது வழக்கம். மெய்யப்பன் மகன் சிதம்பரம், சிதம்பரம் மகன் மெய்யப்பன், அவர் மகன் மறுபடியும் சிதம்பரம். ஐயாவும் மெ. சிதம்பரம், பேரனும் மெ. சிதம்பரம், கதவு எண்ணும் ஒன்றே. ஐயா காலமானதும் இறப்புச் சான்றிதழோடு "மெ. சிதம்பரம் கணக்கை முடித்துத் தரவும்" என்று ஒற்றை வரி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கணக்கு எண் இல்லை. முடங்கியது பேரனின் கணக்கு. வெளிநாட்டில் இருக்கும் அவர் தாம் உயிரோடு இருப்பதற்கு இப்போது ஆவணம் திரட்டிக்கொண்டிருக்கிறார். வங்கி ஊழியர் பிறந்த தேதியைப் பார்த்திருக்க வேண்டும்தான், அவரிடம் சண்டை போட்டாயிற்று. அடுத்து உங்கள் முறை.

அந்தக் காலத்து வட்டிக்கடைகளில் பெயருக்கு முன்னால் குடும்பத்தைக் காட்டும் விலாசம் நான்கைந்து முன்னெழுத்துக்கு நீண்டுகிடந்தது சும்மா இல்லை. 1937இல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊர்களிலும் ஒரே நேரத்தில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியவரும் ஒரு சிதம்பரம்தான். ஆனால் அவர் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார். யாரும் ஆள் மாறிப்போகவில்லை. நாம்தான் விண்ணப்பத்தில் கட்டம் போதவில்லை என்று ஒற்றை எழுத்தில் நின்றுவிட்டோம்.

இதைவிட என் பொறுமையைச் சோதிப்பது இன்னொரு கெட்டிக்காரத்தனம். வங்கி நொடித்துப்போனால் டெபாசிட்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரைதான் காப்பீடு என்று கேள்விப்பட்டவுடன், ஒரே வங்கியில் ஒரு டெபாசிட்டை 'மெ. சிதம்பரம்' என்றும், அடுத்ததை 'சிதம்பரம் மெய்யப்பன்' என்றும், தேவகோட்டைக் கிளையில் மூன்றாவதை 'எம். சிதம்பரம்' என்றும் போட்டுவிட்டு, பதினைந்து லட்சமும் பத்திரம் என்று நிம்மதியாகத் தூங்குகிறார்கள். காப்பீடு ஆளுக்கு ஐயா, ஆளுக்கு! பெயருக்கு இல்லை, ரசீதுக்கு இல்லை, கிளைக்கும் இல்லை. ஒரு வங்கியில் உங்கள் தனிப்பெயரில் உள்ள சேமிப்பு, நடப்பு, வைப்பு அத்தனையையும் எல்லாக் கிளைகளிலிருந்தும் வட்டியோடு சேர்த்துக் கூட்டுவார்கள். காரைக்குடியில் நான்கு, தேவகோட்டையில் நான்கு, பள்ளத்தூரில் நான்கு என்று பன்னிரண்டு லட்சம் இருந்தால், உறுதி ஐந்துக்குத்தான். பெயரை எப்படித் திருப்பிப் போட்டு எழுதினாலும் பான் எண் ஒன்றுதானே? வேறு வங்கிக்குப் போனால் அங்கே தனியாக ஐந்து. மனைவியோடு சேர்ந்து வைத்திருக்கும் கூட்டுக் கணக்கும் தனிக்கணக்கோடு சேராது. 2020 பிப்ரவரிக்கு முன்பு இந்த வரம்பு ஒரு லட்சமாகத்தான் இருந்தது. அப்போது இவர்கள் யாருக்கும் தூக்கம் கெடவில்லை.

ஐந்துக்கு மேலே உள்ளது போயே போய்விடும் என்றும் இல்லை. 2020 நவம்பரில் லட்சுமி விலாஸ் வங்கியில் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கத் தடை வந்தது. சில நாட்களிலேயே அது வேறொரு வங்கியோடு இணைக்கப்பட்டு, டெபாசிட்தாரர்களின் பணம் முழுவதும் தப்பியது. (பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.) இதற்குள் பதறிப்போய், சம்பந்தமே இல்லாத வங்கியில் இருந்த டெபாசிட்டை உடைத்து வட்டியை இழந்தவர்களை நான் அறிவேன்.

செய்தி பார்த்துப் பதறும் நேரத்தில் இவற்றைச் செய்யுங்கள். வங்கி, பான், ஆதார் மூன்றிலும் தகப்பனார் பெயரை முழுமையாக, ஒரே எழுத்துக்கூட்டலில் பதியுங்கள். வங்கிக்கு எழுதும் எந்தக் கடிதத்திலும் வாடிக்கையாளர் எண்ணையும் கணக்கு எண்ணையும் குறிப்பிடுங்கள். இறந்தவர் பெயரில் எழுதினால் பிறந்த தேதியும் சேரட்டும்.

ஆச்சிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். நாமினி இடத்தில் 'சிதம்பரம், பேரன்' என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். மகன் வயிற்றுப் பேரன், மகள் வயிற்றுப் பேரன், கொழுந்தனார் பேரன் என்று மூன்று சிதம்பரங்கள் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள். 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நான்கு நாமினிகள் வரை வைக்கலாம். மூவரையுமே வைக்க ஆசைப்பட்டாலும் சரி, ஒவ்வொருவருக்கும் பிறந்த தேதியும் தகப்பனார் பெயரும் எழுதி, யாருக்கு எவ்வளவு பங்கு என்பதையும் குறிப்பிட்டு, ஒப்புகைச் சீட்டைக் கையோடு வாங்கிக்கொண்டு வாருங்கள்.