அறுபது கணினியும் ஒரே நேரத்தில் எழுந்தால்

சேலத்தில் ஒரு கல்லூரி லேப் என்று வைத்துக்கொள்வோம். 60 கணினிகள், எதிலும் ஹார்டு டிஸ்க் கிடையாது. ஆபரேட்டிங் சிஸ்டமே சர்வரிலிருந்துதான் வர வேண்டும். கரண்ட் போய் வந்ததும் அறுபதும் ஒரே நொடியில் எழுந்து சர்வரைக் கேட்கின்றன. திரை வர அரை மணி. "சர்வரை மாத்தணும் சார்" என்பார்கள். பெரும்பாலும் மாற்ற வேண்டியதில்லை.

முதலில் ஸ்விட்சை, அதாவது நெட்வொர்க் கேபிள்கள் வந்து சேரும் பெட்டியைப் பாருங்கள். அதில் பழைய ஸ்பானிங் ட்ரீ (கேபிள்கள் வட்டமாக இணைந்து தரவு சுற்றிக்கொண்டே இருக்கும் 'லூப்'பைத் தடுக்கும் முறை) ஓடினால், போர்ட் (கேபிள் செருகும் துளை) உயிர்பெற்று 30 நொடி வரை எந்தத் தரவுப் பாக்கெட்டையும் கடத்தாது. அதற்குள் கணினி ஐபி முகவரி கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிடலாம். கணினி செருகிய போர்ட்களில் இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் அமைப்பைப் போட்டால் போதும். இன்னொரு ஸ்விட்சுக்குப் போகும் போர்ட்டில் மட்டும் போடாதீர்கள். லூப் விழுந்தால் லேபே முடங்கும்.

அடுத்து, எழும் கணினிக்குத் தொடக்கக் கோப்பை சர்வரிலிருந்து அனுப்பும் டிஎஃப்டிபி முறை. வழக்கமாக 512 பைட் அனுப்பி, 'கிடைத்தது' என்ற பதில் வந்த பிறகே அடுத்த துண்டை அனுப்பும். 30 எம்பி கோப்புக்கு 61,440 துண்டுகள். லேபுக்குள் போய்வர அரை மில்லிநொடி என்றால் அரை நிமிடத்தில் முடியும். அதே கோப்பை ஏற்காட்டுப் பள்ளி ஒன்று இதே சர்வரிலிருந்து விபிஎன் (இணையத்தின் ஊடே போடும் தனி இணைப்பு) வழியாக, போய்வர 20 மில்லிநொடியில் எடுத்தால் 20 நிமிடம். இதற்கு மலையைக் குறை சொல்ல முடியாது: 30 கி.மீ. ஃபைபரில் ஒளி போய்வர 0.3 மில்லிநொடிதான், மீதி நடுவில் உள்ள ரவுட்டர்களும் விபிஎன்னும் எடுத்துக்கொள்வது. இணைப்பு வேகத்தை இரட்டித்தாலும் பயனில்லை, நேரமெல்லாம் பதிலுக்குக் காத்திருப்பதில் போகிறது. துண்டை 1,300 பைட்டாக்கினால் 8 நிமிடம். 1,468 வரை ஏற்றலாம்தான், ஆனால் விபிஎன்னில் பாக்கெட் உடையும். ஐபிஎக்ஸ்இ என்ற பூட் மென்பொருளைப் போட்டு, இணையப் பக்கங்களை அனுப்பும் எச்டிடிபி முறைக்கு மாறுவது இன்னும் நல்லது. பள்ளியிலேயே ஒரு சின்ன சர்வர் வைப்பது எல்லாவற்றிலும் நல்லது.

தொடக்கக் கோப்பு வந்த பிறகு, மீதி ஆபரேட்டிங் சிஸ்டத்துக்காகக் கணினிக்கு 300 எம்பி இழுத்தால் மொத்தம் 18 ஜிபி. ஜிகாபிட் கேபிளில் மூன்று நிமிடத்துக்குள் முடியும். சர்வர் கேபிளில் ஒரு ஜோடி கம்பி முனையில் சரியாகக் கிரிம்ப் ஆகவில்லையென்றால் (இறுகவில்லையென்றால்) பல நெட்வொர்க் கார்டுகள் சத்தமில்லாமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். அப்போது 27 நிமிடம். சர்வர் மேல் பழி விழுவது பெரும்பாலும் இந்தக் கேபிளால்தான். லினக்ஸின் எத்டூல் கட்டளையில் வேகத்தைப் பாருங்கள்.

கடைசியாக, பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் இடம்) கரண்ட் வந்ததும் தானாக எழும் வசதியை அணைத்துவிட்டு, வேக்-ஆன்-லேன் (நெட்வொர்க் வழியாகக் கணினியை எழுப்பும் வசதி) மூலம் பத்துப் பத்தாக, 30 நொடி இடைவெளியில் எழுப்பலாம். மொத்த நேரம் ஏறக்குறைய அதேதான். ஆனால் அறுபதும் சேர்ந்து மூன்று நிமிடம் காத்திருப்பதற்குப் பதில், முதல் வரிசை அரை நிமிடத்தில் தன் 300 எம்பியை வாங்கிவிடும். சில கார்டுகள் கரண்ட் முழுதாகப் போனால் வேக்-ஆன்-லேனை மறந்துவிடும். வாங்கும் முன் ப்ளக்கைப் பிடுங்கிச் செருகிச் சோதியுங்கள்.